முதல் ஒயின் பாட்டில்: ரெட்டா, ஒயிட்டா, ரோஸேயா, ஸ்பார்க்லிங்கா?

"ஒயின் குடித்துப் பார்க்கலாம்னு இருக்கேன், எதுல ஆரம்பிக்கலாம்?" என்று கேட்பவர்களில் பலர் பதிலையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "ரெட் ஒயின்தானே நல்லது? இதயத்துக்குக்கூட நல்லதாமே?" அந்த நம்பிக்கையோடு கடைக்குப் போய், அலமாரியில் இருப்பதிலேயே கனமான, கபர்னே சாவின்யான் என்ற ரெட் ஒயின் ஒன்றை வாங்கி, சென்னை வெயிலில் வீட்டுக்குக் கொண்டுவந்து, மட்டன் குழம்போடு ஊற்றிக் குடித்துவிட்டு, "இதைப் போய் எப்படிக் குடிக்கிறாங்க?" என்று முகம் சுளிக்கிறார்கள். பாதிப் பாட்டில் பத்து நாள் ஃபிரிட்ஜில் கிடந்து, பிறகு தொட்டியில் போகிறது. பணமும் போச்சு, ஆர்வமும் போச்சு.

அந்த ஒயினில் குறை இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நம் ஊர்ச் சூட்டுக்கும், நம் சாப்பாட்டுக்கும், பழகாத நாக்குக்கும் அது முதல் பாட்டில் அல்ல, அவ்வளவுதான். எந்தச் சூழலில் எந்த வகை பொருந்தும் என்று இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன் உடல்நலப் பேச்சை முடித்துவிடலாம். பாதுகாப்பான மது அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதில் ரெட் ஒயினுக்கு விலக்கு கிடையாது. ஆகவே "எது உடம்புக்கு நல்லது" என்பது இந்த ஒப்பீட்டில் ஓர் அளவுகோலாக வரவே வராது. குடிக்காதவர்கள் ஆரோக்கியத்துக்காக ஆரம்பிக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள், கல்லீரல் பிரச்சினை உள்ளவர்கள், மருத்துவர் மதுவைத் தவிர்க்கச் சொன்னவர்கள், தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு இந்தக் கட்டுரையில் எந்தப் பாட்டிலும் இல்லை. தமிழ்நாட்டில் சட்டப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் நாக்கு. ஒயினில் நாக்குக்குத் தெரிவது மூன்று: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு. திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. முழுவதையும் தின்றுவிட்டால் இனிப்பில்லாத ஒயின். அதைத்தான் 'ட்ரை' என்கிறார்கள். பாதியில் குளிர்வித்து, ஈஸ்டை வடிகட்டிவிட்டால் கொஞ்சம் இனிப்பு மிஞ்சும். அது 'ஆஃப்-ட்ரை' அல்லது 'செமி-ஸ்வீட்'. துவர்ப்பு தருவது டானின். அது தோலிலும் விதையிலும் இருக்கிறது. நாவல்பழம் தின்றபின் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுத்துப் பிடிக்குமே, அதுதான் டானின் செய்யும் வேலை. அந்த உணர்வு பிடிக்குமா என்று நீங்களே கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பிடிக்காது என்றால் பாதி முடிவு இங்கேயே எடுத்தாகிவிட்டது.

இரண்டாவது சாப்பாடு. ஒயின் பற்றிய பெரும்பாலான ஆலோசனைகள் மிளகாயும் புளியும் இல்லாத சமையலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. காரத்தையும் ஆல்கஹாலையும் வாயில் ஒரே உணர்வு நரம்புகள்தான் 'எரிச்சல்' என்று மூளைக்குச் சொல்கின்றன. ஆல்கஹால் கூடக் கூட மிளகாய் இன்னும் எரியும். டானினும் சேர்ந்தால் கசப்பும் தூக்கலாகத் தெரியும். கொஞ்சம் இனிப்பும் குளிர்ச்சியும் இருந்தால் காரம் அடங்கும். இன்னொன்று புளி. ரசம், புளிக்குழம்பு, மீன்குழம்பு போன்றவற்றோடு ஒயின் சாப்பாட்டைவிடப் புளிப்புக் குறைவாக இருந்தால் தண்ணீர்போலச் சப்பென்று ஆகிவிடும்.

மூன்றாவது சூடு. ஒவ்வொரு ஒயினுக்கும் குடிக்க ஏற்ற வெப்பநிலை ஒன்று உண்டு, அது மாறினால் ருசியே மாறிவிடும். நான்காவது, திறந்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும் என்பது. தனியாகக் குடிப்பவருக்கு இது பெரிய விஷயம். 750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் ஐந்து கிளாஸ் வரும்.

ஐந்தாவது ஆல்கஹால் அளவு. 'ஒயின்தானே' என்று பலர் குறைத்து எடைபோடுவது இங்கேதான். 13 சதவீத ஒயின் ஒரு முழு பாட்டிலில் ஏறத்தாழ 97 மி.லி. தூய ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பீர் 650 மி.லி. பாட்டிலில் இருப்பது 32 மி.லி. சொச்சம். அதாவது ஒரு ஒயின் பாட்டில் மூன்று பெரிய பீர் பாட்டிலுக்குச் சமம். கிளாஸ் கணக்கில் பார்த்தால், 150 மி.லி. ஒயினில் உள்ள ஆல்கஹால் 30 மி.லி. விஸ்கி பெக்கைவிட அதிகம், 60 மி.லி. பெக்கைவிடக் குறைவு. ஒரு கிளாஸ் குடித்தாலும் வண்டி ஓட்டக்கூடாது.

## ஒரே பார்வையில்

| வகை | நாக்குக்கு | குடிக்கும் வெப்பநிலை | திறந்தபின் (ஃபிரிட்ஜில்) | நம் சாப்பாட்டோடு |
|---|---|---|---|---|
| ஷெனான் பிளாங் (லேசான இனிப்பு ஒயிட்) | மிக எளிது | 8–10 டிகிரி | 3–5 நாள் | காரமான எல்லாவற்றோடும் |
| சாவின்யான் பிளாங் (ட்ரை ஒயிட்) | புளிப்பு தூக்கல் | 8–10 டிகிரி | 3–4 நாள் | வறுத்த மீன், இறால், புளி சேர்ந்தவை |
| ரோஸே (இளஞ்சிவப்பு ஒயின்) | நடுத்தரம் | 8–12 டிகிரி | 3–4 நாள் | பிரியாணி, சிக்கன் |
| ரெட் (ஷிராஸ், கபர்னே) | துவர்ப்பு, கனம் | 15–18 டிகிரி | 3–5 நாள் | காரம் குறைந்த ஆட்டிறைச்சி |
| ஸ்பார்க்லிங் (நுரைக்கும் ஒயின்) | புளிப்பு, நுரை | 6–8 டிகிரி | பிடிப்பு மூடி போட்டால் 1–2 நாள் | வடை, பஜ்ஜி, வறுவல் |
| உள்ளூர் 'போர்ட்' (இனிப்பு ரெட்) | இனிப்பு மிக அதிகம் | லேசாகக் குளிர்ந்து | ஒரு வாரம் போல | சாப்பாட்டோடு சேராது |

## ஷெனான் பிளாங்

முதல் பாட்டிலுக்கு என் ஓட்டு இதற்குத்தான். இது பிரான்ஸின் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிறந்த திராட்சை. இன்று தென்னாப்பிரிக்காவில் ஏராளமாக விளைகிறது. நாசிக்கில் சுலா நிறுவனம் 2000-இல் முதன்முதலாக வெளியிட்ட ஒயின்களில் ஷெனான் பிளாங்கும் சாவின்யான் பிளாங்கும் இருந்தன. அதன்பிறகு இந்திய ஒயின் தயாரிப்பாளர்கள் பலரும் ஷெனானைக் கையில் எடுத்தார்கள். இந்தியாவில் கிடைக்கும் ஷெனான் பெரும்பாலும் லேசான இனிப்போடு இருக்கும். அன்னாசி, பழுத்த கொய்யா மாதிரியான மணம் வரும்.

இனிப்பு என்றவுடன் 'கத்துக்குட்டிகள் குடிப்பது' என்று ஒரு பேச்சு உண்டு. அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். செட்டிநாட்டுக் கோழி வறுவலோடு ட்ரை ரெட் ஒன்றையும் குளிர்ந்த ஷெனான் ஒன்றையும் அடுத்தடுத்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். ரெட்டில் மிளகு இன்னும் ஏறி, தொண்டை வரை சூடு பரவும். ஷெனானில் முதலில் இனிப்பு காரத்தைத் தணிக்கும், அடுத்து புளிப்பு வந்து எண்ணெய்ப் பிசுக்கை வாயிலிருந்து துடைக்கும், அடுத்த வாய் கறி எடுக்கத் தோன்றும். சாப்பாட்டோடு வரும் ஒயின் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

மறைமுகச் செலவு குறைவு. பெரும்பாலும் திருகு மூடிதான், கார்க் திறக்க ஓப்பனர் வாங்க வேண்டாம். திருகு மூடி மலிவான ஒயினின் அடையாளம் என்று நினைப்பதும் தவறு. கார்க் சில நேரம் டிசிஏ என்ற சேர்மத்தால் கெட்டு, ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாடையை ஏற்றிவிடும். திருகு மூடியில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

குறை என்று பார்த்தால், ஃபிரிட்ஜ் கட்டாயம் வேண்டும். குளிர்ச்சி போய்விட்டால் இனிப்பு மட்டும் முன்னால் வந்து திகட்டும். ஒரே பெயரில் ட்ரையாகவும் செமி-ஸ்வீட்டாகவும் வரும் என்பதால் லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும். இனிப்பே பிடிக்காதவர், கருப்புக் காப்பி குடிப்பவர் என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## சாவின்யான் பிளாங்

இதில் இனிப்பு இல்லை, கூர்மையான புளிப்பு. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாலே பச்சைக் குடமிளகாய், புல், எலுமிச்சைத் தோல் போன்ற மணங்கள் தெரியும். இவ்வளவு வெளிப்படையாக மணம் காட்டும் திராட்சைகள் குறைவு. அதனால் 'ஒயினில் மணம் பிடிப்பது' என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள நல்ல ஆசிரியர் இது. நியூசிலாந்தின் மார்ல்பரோ இதற்குப் பேர்போன இடம். நாசிக்கிலும் நல்ல பாட்டில்கள் வருகின்றன.

நெய்மீன் வறுவல், இறால் தொக்கு, எலுமிச்சை பிழிந்த எதுவானாலும் இதோடு சேரும். மீனோடு ரெட் குடித்தால் வாயில் ஏன் கவிச்சியும் உலோகச் சுவையும் வருகிறது என்பதற்கு 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காரணம் கண்டுபிடித்தார்கள்: ஒயினில் உள்ள இரும்பு. இரும்பு கூடுதலாக இருந்த ஒயின்களில் அந்தக் கவிச்சியும் கூடுதலாக இருந்தது. மீன் சாப்பாட்டு வீட்டுக்கு ஒயிட் வாங்குங்கள் என்பதற்கு இது போதும்.

புளிப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

## ரோஸே

கருப்புத் திராட்சையைப் பிழிந்து, தோலைச் சில மணி நேரம் மட்டும் சாற்றில் ஊறவிட்டுப் பிரித்துவிட்டால் இளஞ்சிவப்பு வரும். ரெட்டையும் ஒயிட்டையும் கலந்து செய்வது என்பது பெரும்பாலும் உண்மையல்ல. ஷாம்பெய்ன் ரோஸே அதற்கு ஒரு விதிவிலக்கு. ரெட்டின் பழச்சுவை கொஞ்சம், ஒயிட்டின் குளிர்ச்சி கொஞ்சம், டானின் மிகக் குறைவு. நிறத்தைப் பார்த்து ரோஸ்மில்க் அளவுக்கு இனிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பல ரோஸேக்கள் ட்ரை. மேசையில் ஒருவருக்குச் சிக்கன், ஒருவருக்கு மீன், ஒருவருக்குப் பனீர் என்று இருந்தால் சண்டையில்லாத தேர்வு. ரோஸேயைப் பொறுத்தவரை ஒரே விதி: லேபிளில் இருக்கும் ஆண்டு எவ்வளவு புதிதோ அவ்வளவு நல்லது.

## ரெட்: ஷிராஸ், கபர்னே, மெர்லோ

ரெட் ஒயினின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. குளிர்ந்த இரவில் நல்ல ஷிராஸைப்போலத் திருப்தி தரும் பானம் குறைவு. ஆனால் மிக அதிகமாகத் தவறாகக் குடிக்கப்படுவதும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒயிட்டுக்கும் ரெட்டுக்கும் அடிப்படை வித்தியாசம் தோல்தான். கருப்புத் திராட்சையிலும் சாறு பெரும்பாலும் நிறமற்றதே. ரெட் செய்யும்போது தோலோடும் விதையோடும் சேர்த்து நொதிக்கவிடுகிறார்கள். நிறமும் டானினும் அங்கிருந்து இறங்குகின்றன. தடித்த தோலும் சின்னப் பழமும் கொண்ட கபர்னே சாவின்யானில் டானின் தூக்கலாக இருப்பது இதனால்தான். சுவையான ஒரு செய்தி: இந்தக் கருப்புத் திராட்சையின் பெற்றோரில் ஒன்று மேலே பார்த்த வெள்ளைச் சாவின்யான் பிளாங். மற்றது கபர்னே ஃப்ராங். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக வளாகத்தில் மரபணு ஆய்வு செய்து 1997-இல் இதை நிரூபித்தார்கள். குடமிளகாய் வாசம் இரண்டிலும் வருவதைக் கவனித்தால் குடும்ப ஒற்றுமை தெரியும்.

டானின் நம் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. கூடவே கொழுப்பும் புரதமும் உள்ள உணவு இருந்தால் அந்த வறட்சி வெகுவாகக் குறைகிறது. ரெட்டோடு ஆட்டிறைச்சி, சீஸ் என்று சொல்வதன் காரணம் இது. நம் வீட்டில் என்றால் காரம் குறைத்த மட்டன் சுக்கா, மிளகாய் குறைவான ஈரல் வறுவல், கபாப், பனீர் டிக்கா. ஆந்திரா பாணி மட்டன் குழம்பு வேண்டாம்.

அடுத்து வெப்பநிலை. 'ரெட் ஒயினை ரூம் டெம்பரேச்சரில் குடிக்க வேண்டும்' என்ற வாக்கியம் எத்தனையோ பாட்டில்களைப் பாழாக்கியிருக்கிறது. அது பிறந்தது குளிர்நாட்டுக் கல்வீடுகளில். அங்கே அறை என்றால் 16, 17 டிகிரி. மதுரையில் மே மாதத்து அறை 34 டிகிரி. அந்தச் சூட்டில் ரெட்டை ஊற்றினால் முதலில் எழுவது ஆல்கஹால் ஆவி. மூக்கைக் குத்தும், பழ மணத்தை மூடிவிடும். அதே பாட்டிலை ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தெடுங்கள். இல்லையென்றால் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் கால் மணி நேரம் போடுங்கள். கிளாஸின் வெளிப்புறம் தொட்டால் லேசாகச் சில்லென்று இருக்க வேண்டும், பனி படரக்கூடாது. இப்போது மூக்கைக் கொண்டுபோனால் குத்தல் போய், கருப்புத் திராட்சை, மிளகு, சில நேரம் ஏலக்காய் மாதிரி ஒரு மணம் தெரியும். பழகாதவர்கூட இந்த வித்தியாசத்தை ஒரே வாயில் கண்டுபிடித்துவிடுவார்.

ரெட்டில்தான் ஆரம்பிப்பேன் என்பவர்கள் தனிக் கபர்னேயை விட்டுவிட்டு ஷிராஸ், அல்லது மெர்லோ, அல்லது ஷிராஸ்-கபர்னே கலவை வாங்கலாம். ஷிராஸ் பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்குத் திராட்சை; அங்கே சீரா, ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் கன்வல் குரோவர் தொடங்கிய திராட்சைத் தோட்டம் இந்திய ரெட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த இடம். பிரெஞ்சு ஒயின் நிபுணர் மிஷேல் ரோலான் அங்கே ஆலோசகராக இருந்தார். அவர்களின் 'லா ரிசர்வ்' ரெட் கபர்னேயும் ஷிராஸும் சேர்ந்தது. சென்னையிலிருந்து ஒரு வார இறுதியில் போய் நேரில் பார்த்துச் சுவைக்கக்கூடிய தொலைவுதான். திராட்சை கொடியில் பழுத்து நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். ஐரோப்பாவில் அறுவடை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. இங்கே அது மழைக்காலம் என்பதால், கொடியை வருடத்தில் இருமுறை கவாத்து செய்து, காய்ப்பைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவைக்கிறார்கள்.

'பழசாக ஆக நல்லது' என்பதும் ரெட்டைச் சுற்றி உலவும் நம்பிக்கை. உலகில் விற்கும் ஒயினில் மிகச் சிறு பகுதிதான் வருடக்கணக்காக வைத்திருந்து மேம்படுவது. சாதாரண விலை ரெட்டை வாங்கிய ஓரிரு வருடத்தில் குடித்துவிட வேண்டும். அதுவும் ஏசி இல்லாத அறையின் அலமாரியில் வைத்து 'பழசாக்கினால்' அது வெந்துதான் போகும்.

## ஸ்பார்க்லிங்

ஒயினை இரண்டாம் முறை நொதிக்கவிட்டு, அதில் பிறக்கும் வாயுவை வெளியே விடாமல் அடைப்பதால் வரும் நுரை இது. ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளேயும் தனித்தனியே நொதிக்கவிடுவது ஷாம்பெய்ன் முறை. பெரிய தொட்டியில் செய்வது இத்தாலியின் ப்ரொசெக்கோ முறை. முதலாவதில் வேலை அதிகம், விலையும் அதிகம். பிரான்ஸின் ஷாம்பெய்ன் வட்டாரத்தில் செய்ததைத்தான் ஷாம்பெய்ன் என்று சொல்லலாம். நாசிக் அருகே திண்டோரியில் ஷான்டன், நாசிக்கிலேயே சுலா ஆகியவை ஷாம்பெய்ன் முறையில் செய்தாலும் அவை ஸ்பார்க்லிங் ஒயின்தான்.

வாங்குபவர்கள் ஏமாறும் இடம் லேபிள். 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்றால் இனிப்பு துளியும் இல்லை என்றுதானே நினைப்போம்? அது 'ப்ரூட்' என்று எழுதியிருப்பதைவிட இனிப்பானது. ஐரோப்பிய விதிப்படி ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராம் சர்க்கரைக்குள் இருக்கும், எக்ஸ்ட்ரா ட்ரையில் 12 முதல் 17 வரை, 'டெமி-செக்'கில் 32 முதல் 50 வரை. இனிப்பு வேண்டுமென்றால் டெமி-செக், வேண்டாமென்றால் ப்ரூட்.

மெதுவடையும் வாழைக்காய் பஜ்ஜியும் பொரித்துக்கொண்டிருக்கும்போது இதைத் திறந்தால் அன்றைய மாலை களைகட்டிவிடும். உப்பு, எண்ணெய், மொறுமொறுப்பு மூன்றுக்கும் நுரையும் புளிப்பும் அவ்வளவு பொருத்தம். ஆனால் நல்ல காரத்தோடு நுரை சேர்ந்தால் வாய் கூசும், அதனால் மிளகாய் பஜ்ஜியைத் தள்ளிவையுங்கள்.

மறைமுகச் செலவு இதில்தான் அதிகம். திறந்தால் அன்றே முடிக்க வேண்டும். சும்மா வைத்தால் மறுநாள் நுரை போய்விடும். மிச்சம் வைக்க அதற்கென்று உள்ள பிடிப்பு மூடி தனியாக வாங்க வேண்டும். திறப்பதிலும் கவனம் தேவை. பாட்டிலுக்குள் 5, 6 மடங்கு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கல்யாண வீட்டு வீடியோக்களில் குலுக்கிப் பீய்ச்சுவதைப் பார்த்து அதையே செய்தால் கார்க் கண்ணைப் பறித்துவிடும். நன்றாகக் குளிரவையுங்கள். தங்கத்தாளைக் கிழித்துவிட்டுக் கம்பிக் கூண்டை அரைச்சுற்று வீதம் ஆறு முறை திருகித் தளர்த்துங்கள். அந்த நொடியிலிருந்து கட்டைவிரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். பாட்டிலை 45 டிகிரி சாய்த்து, ஆளில்லாத பக்கம் பார்த்துப் பிடித்துக்கொண்டு, கார்க்கை அசைக்காமல் பாட்டிலின் அடியைத் திருப்புங்கள். 'டப்' என்ற சத்தம் இல்லாமல் ஒரு பெருமூச்சு மட்டும் வந்தால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள்.

## 'போர்ட்' என்று விற்கும் இனிப்பு ரெட்

கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர் திராட்சையில் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போடும் ஒயினைச் சுவைத்தவர்களுக்கு இந்தச் சுவை பழக்கமாகத் தெரியும். அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அது மஸ்கட் ஹாம்பர்க் வகை. போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் செய்யும் அசல் போர்ட் வேறு. அதில் நொதிக்கும்போதே திராட்சை ஸ்பிரிட் சேர்த்து 20 சதவீதம் வரை ஆல்கஹாலை ஏற்றுகிறார்கள். நம்மூர்க் கடைகளில், குறிப்பாகக் கோவாவில், போர்ட் என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் சர்க்கரை தூக்கலான ரெட் ஒயின். பிளம் கேக்கோடு ஒரு சின்ன கிளாஸ் என்றால் சரி. ஒயினை அறிந்துகொள்ள இது உதவாது, சர்க்கரை மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது.

## லேபிளில் இல்லாத செலவுகள்

கடையிலிருந்து வீடுவரை வரும் தூரம் முதல் செலவு. மதிய வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் அரை மணி நேரம் வைத்தால் ஒயின் வெந்துவிடும். சாயங்காலம் வாங்குங்கள். கடையிலேயே கார்க் மேலே புடைத்திருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ, வெயில் படும் கண்ணாடி அலமாரியில் நின்றிருந்தாலோ அந்தப் பாட்டில் வேண்டாம்.

இறக்குமதி பாட்டில்களின் விலையில் பெரும்பங்கு வரிதான். வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியா நீண்ட காலமாக 150 சதவீதச் சுங்கவரி விதித்துவந்தது. ஆஸ்திரேலியாவோடு 2022-இல் போட்ட வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்நாட்டு ஒயின்களில் குறிப்பிட்ட விலைக்கு மேற்பட்டவற்றுக்கு அது குறைந்தது. அதற்குமேல் மாநில வரி. ஆகவே ஒரே விலையில் ஓர் இந்திய பாட்டிலும் ஒரு பிரெஞ்சு பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், பாட்டிலுக்குள் இருக்கும் தரம் பெரும்பாலும் இந்தியப் பாட்டிலில்தான் அதிகம். விமான நிலைய டியூட்டி ஃப்ரீயில் இந்தக் கணக்கு தலைகீழ்; அங்கே வெளிநாட்டு ஒயினையே வாங்குங்கள். பெங்களூரு, புதுச்சேரியிலிருந்து வாங்கிவர நினைப்பவர்கள் மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டுவரும் விதிகளைப் பார்த்துவிட்டுச் செய்யவும்.

தனித்தனிக் கிளாஸ் செட் வாங்க வேண்டாம். வாய் சற்றே குறுகிய நடுத்தர ஒயின் கிளாஸ் ஒரே வகை போதும், ஸ்பார்க்லிங்குக்கும் அதுவே சரி. மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஊற்றாதீர்கள், மணம் தங்க இடம் வேண்டும்.

சைவர்கள் கவனிக்க ஒன்று: ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் நீந்துபையிலிருந்து எடுக்கும் பசை ஆகியவற்றைச் சில இடங்களில் பயன்படுத்துவது வழக்கம். பெண்டோனைட் களிமண்ணால் தெளியவைப்பவர்களும் உண்டு. 'வீகன்' என்று லேபிளில் இருந்தால் நிம்மதி. ஆஸ்துமா உள்ளவர்கள் 'சல்ஃபைட்' குறிப்பைப் பார்க்கவும். ரெட்டில்தான் அது அதிகம் என்று நினைக்கிறார்கள். பொதுவாக ஒயிட்டிலும் இனிப்பு ஒயினிலும்தான் அதிகம்.

## உங்களுக்கு எது?

இதுவரை ஒயின் தொட்டதே இல்லை, வீட்டுச் சாப்பாட்டோடு குடித்துப் பார்க்க வேண்டும் என்றால் செமி-ஸ்வீட் ஷெனான் பிளாங். கிடைத்தால் 375 மி.லி. அரைப் பாட்டில் வாங்குங்கள். பிடிக்காவிட்டாலும் நஷ்டம் பாதிதான். மீன் வறுவல் வீட்டில் பிரதானம், இனிப்பு பிடிக்காது என்றால் சாவின்யான் பிளாங். விருந்தில் ஏழெட்டுப் பேர், யார் என்ன சாப்பிடுவார்கள் என்று தெரியாது என்றால் ரோஸே. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ குளிரில் அமர்ந்து தந்தூரி சாப்பிடப்போகிறீர்கள் என்றால் முதல் பாட்டிலே ஷிராஸாக இருக்கலாம். அங்கே அறை வெப்பநிலையே ஒயினுக்கு ஏற்றதாக இருக்கும். எல்லாரும் அன்றே குடித்து முடிக்கப்போகும் கொண்டாட்டம் என்றால் ஸ்பார்க்லிங் ப்ரூட். தனியாக, வாரத்தில் ஒருநாள் ஒரு கிளாஸ் மட்டும் என்றால் எந்த வகையிலும் முழு பாட்டில் வீண். கேனில் வரும் ஒயின் பாருங்கள்.

இரண்டாவது பாட்டில் வாங்கும்போது, பிடித்த அதே திராட்சையை வேறொரு ஊரிலிருந்து எடுங்கள். நாசிக் ஷெனான் பிடித்திருந்தால் அடுத்தது தென்னாப்பிரிக்க ஷெனான். இந்திய ஷிராஸ் பிடித்திருந்தால் ஆஸ்திரேலிய ஷிராஸ். திராட்சை மாறாமல் மண்ணும் வெயிலும் மட்டும் மாறும்போது, எது பழத்தின் சுவை, எது ஊரின் சுவை என்று நாக்கு பிரிக்கத் தொடங்கும். ஃபிரெஞ்சு, இத்தாலிய லேபிள்களில் திராட்சையின் பெயர் பெரும்பாலும் இருக்காது, ஊரின் பெயர்தான் இருக்கும்: சான்செர் ஒயிட் என்றால் சாவின்யான் பிளாங், ஷாப்லி என்றால் ஷார்டனே, கியான்டி என்றால் பெரும்பகுதி சாஞ்சியோவேசே. இந்த மூன்றையும் போனில் குறித்துவைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.